யு.எம்.எல். மொழி பெயர்த்த பால் சங்கம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர், என்னோடு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த புவனேசுவரி. ஓலைக்காட்டுப்புதூர் அவர் பிறந்த ஊர். ஆதலால் நான் எதையும் கூட்டவில்லை; ஊர் மானம் கருதிச் சிலவற்றைக் குறைத்திருக்கிறேன்.

அவ்வூர்ப் பால் சங்கத்தில் மாலையில் கறந்த பால் நாள்தோறும் திரிந்துபோயிற்று. குளிரூட்டும் தொட்டி தர ஒரு நிறுவனம் முன்வந்தது. பால் தொட்டியை அடையும் வழியை வரைந்து, உடன் ஒரு கடிதமும் அனுப்பியது: "திட்டம் யு.எம்.எல். மொழியில் உள்ளது. புரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும். தவறினால் தொட்டி அடுத்த ஊருக்குச் செல்லும்."

யு.எம்.எல். என்பது மொழியே அன்று. கட்டமும் அம்புக்குறியும் போட்டு வேலையின் போக்கைக் காட்டும் முறை. பெயர் வைத்தவர்கள் மொழி என்று வைத்துவிட்டார்கள். படத்தில் மூன்றே கட்டங்கள். 'பால் அளத்தல்', 'தரம் பார்த்தல்', 'குளிரூட்டல்' என்று அவற்றுள் நல்ல தமிழில் எழுதியிருந்தது.

தலைவர் நாச்சிமுத்து நெடுநேரம் பார்த்தார். "இந்த மொழி எனக்குத் தெரியாதே."

"தமிழாட்ட இருக்குதுங்களே?" என்றார் பொருளாளர் வேலாத்தாள்.

"இருக்குது அம்மிணி. ஆனா கடுதாசியில யு.எம்.எல்.னு போட்டிருக்குதே! படிச்சவங்க பொய் சொல்லுவாங்களா?"

"எழுத்தை நம்மகிட்ட வாங்கியிருப்பாங்க," என்று செயலாளர் கருப்பணன் விளக்கினார். "பொருளு வேறயா இருக்கும். 'பால் அளத்தல்'னா அங்க ஆட்டை விக்கறதோ என்னமோ!"

மொழிபெயர்ப்பாளர் தேடத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று, இறங்கியவரையெல்லாம் "யு.எம்.எல். பேசுவீங்களா?" என்று கேட்டார்கள். "அந்த ஊருக்கு இந்த வண்டி போகாது," என்றார் நடத்துநர்.

வியாழனன்று, ஓய்வுபெற்ற தபால்காரர் அருளப்பர் படத்தை வாங்கி ஒரே மூச்சில் வாசித்தார்: "பால் அளத்தல், தரம் பார்த்தல், குளிரூட்டல்."

"அகராதிகூடப் பார்க்காம மொழிபெயர்க்கறாரே!" என்று வேலாத்தாள் வியந்தார்.

"அட, கூறுகெட்டவங்களே! இது தமிழு!"

"ஆமாங்க," என்றார் கருப்பணன் பணிவோடு. "நீங்க பெயர்த்ததுக்கு அப்புறம் தமிழுதானுங்க."

மறுநாள் கையெழுத்துச் சிக்கல். "யு.எம்.எல். காகிதத்துல தமிழ்க் கையெழுத்துச் செல்லுமா?" என்று தலைவர் ஐயுற்றார். ஆகவே, தரம் பார்த்தலுக்கும் குளிரூட்டலுக்கும் நடுவே இடமிருந்ததைக் கண்டு, மூவரும் ஆளுக்கொரு கட்டம் வரைந்தார்கள். அதனுள் பெயரை எழுதி, முறையாக அம்புக்குறிகளும் இட்டார்கள்.

நிறுவனத்தார் அதை ஊரின் விருப்பம் என்று கருதி, முத்திரை குத்தித் திருப்பியனுப்பினர்: "தொட்டி வருகிறது. படத்தில் உள்ளபடியே செயல்படவும்."

தொட்டி வந்தது. செயல்பட்டார்கள். தரம் பார்த்த பால் கேன்கள் நாச்சிமுத்து வீட்டு முன்வாசலில் நுழைந்து, பின்வாசலில் வெளியேறி, வேலாத்தாள் வீட்டையும், ஊர்க்கோடியிலிருந்த கருப்பணன் வீட்டையும் அவ்வாறே கடந்து, வெயிலில் நான்கு கிலோமீட்டர் சுற்றித் தொட்டியை அடைந்தன.

மூடியைத் திறந்த வேலாத்தாள் அலறினார். "தலைவருங்க! அத்தனையும் திரிஞ்சு போச்சுங்க!"

நாச்சிமுத்து ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தார்.

"பதறாதே அம்மிணி. மொழிபெயர்ப்புன்னா கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும்."