காலியான இரண்டு வீடுகள்

"அந்தச் சின்னச் சாமி முகத்தைப் பாத்தியாடி? ஆசை அத்துப்போன முகம். இந்த வயசுல யாருக்கு வாய்க்கும்!"

கீரைக்காரப் பெண்கள் இருவர் கூடையை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டே போனார்கள். மடத்துச் சமையற்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தர்மாம்பாளின் காதில் அது விழுந்தது. முறம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட உற்சாகமாக ஆடியது.

சின்னச் சாமி என்று அவர்கள் சொன்னது பூங்கோதையை. ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பெண்கள் மடத்தில் அவள்தான் வயதில் இளையவள். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவள் தர்மாம்பாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, அதன்பிறகு காவி உடுத்தியவள். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரைப் பார்த்தவள்தான். ஆனாலும் இப்படி ஒருத்தி அமைந்ததில்லை.

வந்த புதிதில் பூங்கோதை சரியான வாயாடி. சாம்பார் நன்றாக இருந்தால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கே வந்துவிடுவாள். தர்மாம்பாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நடக்கிற நடையை அப்படியே நடந்துகாட்டுவாள். மாலை வழிபாட்டில் தாளம் போடுவது அவள் வேலை. அந்தப் பித்தளைத் தாளத்தை வேறு யாரும் தொட்டால் சண்டைக்கு வருவாள்.

ஆடி பிறந்த பிறகு ஆளே மாறிப்போனாள். இரண்டு கவளத்தோடு இலையை மடித்தாள். கோழி கூவுவதற்கு வெகுமுன்பே எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதைக் கேட்டாலும், ஆழக் கிணற்றில் வாளி ஏறுவதுபோலப் பதில் மெதுவாக வந்தது. போன வாரம் தாளத்தைத் துடைத்து இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டாள்.

தர்மாம்பாள் எதையும் தவறவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் மதிப்பெண் போட்டாள். பசியை வென்றாள். தூக்கத்தை வென்றாள். பேச்சை வென்றாள். இப்போது பற்றும் போயிற்று.

முறத்தை மாட்டிவிட்டு நேரே மடத்தின் தலைவியிடம் போனாள்.

தலைவி சௌந்தரி அம்மை தர்மாம்பாளைவிட வயதில் மிகவும் சிறியவர். ஆனாலும் குரு குருதான். முற்றத்தில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

"பூங்கோதைக்கு வர்ற பௌர்ணமியில காவி குடுத்துடலாம், அம்மா."

"என்ன அவசரம், டீச்சர்?"

"பழுத்த பழத்தை மரத்துலயே விட்டுவைப்பாங்களா?"

அம்மை சிரித்தார். "பழுத்துடுச்சா?"

தர்மாம்பாள் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். உணவு, உறக்கம், மௌனம், தாளம். சொல்லச் சொல்ல அவள் குரலில் பழைய ஆண்டு விழாவின் மிடுக்கு ஏறியது.

"நேத்து என்ன சொன்னா தெரியுமா? 'நான் இல்லாட்டியும் மடம் நடக்கும் டீச்சரம்மா, இன்னும் நல்லாவே நடக்கும்'னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. நாங்கற நெனப்பே அவளுக்கு அழிஞ்சுபோச்சு அம்மா!"

அம்மையின் கத்தி பாதித் தண்டில் நின்றது.

"முந்தாநாள் வழிபாட்டுல நீங்க பாதிப் பாட்டை விட்டுட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிட்டீங்க. நினைவிருக்கா?"

தர்மாம்பாளுக்குக் கூச்சமாகிவிட்டது. "இருக்கு. எல்லாரும் சிரிச்சாங்க."

"பூங்கோதை?"

தர்மாம்பாள் யோசித்தாள். எப்போதும் முதல் சிரிப்பு அவளுடையதாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவள் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பை அடக்கிய முகம் அல்ல அது. சிரிப்பு அந்தப் பக்கமே வராத முகம்.

"சிரிக்கலை."

"ஒரு தெருவுல ரெண்டு வீடு," என்றார் அம்மை. "ரெண்டும் காலி. பாத்திரம் இல்லை, பாய் இல்லை, விளக்கு இல்லை. ஒரு வீட்டுல வெள்ளையடிக்கறதுக்காக அவங்களே சாமானை எடுத்து வெளியே வச்சிருக்காங்க. இன்னொண்ணுல திருடன் பூந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டான். வாசல்ல நின்னு பாக்கறவளுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"வாசல்ல நின்னா தெரியாது. வீட்டுக்காரியைக் கேக்கணும்."

"கேட்டீங்களா, டீச்சர்?"

தர்மாம்பாள் பூங்கோதையைத் தேடி எழுந்து போனாள்.

பூங்கோதை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நனைக்காத துணிகள் பக்கத்தில் கிடந்தன. காலையில் துவைக்க எடுத்துவந்தவை. தலை சீவிப் பல நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் வந்து பார்த்தபோதுதான் தர்மாம்பாளுக்கு அது தெரிந்தது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள்.

"சாப்பாட்டை ஏண்டி குறைச்ச?"

"குறைக்கலை. வாயில வச்சா மண்ணாட்டம் இருக்கு."

"தூக்கம்?"

"பாதியில முழிப்பு வந்துடுது. அப்புறம் நெஞ்சு மேல அம்மிக்கல்லை வச்ச மாதிரி."

"அப்ப நீ எதையும் வெல்லலையா?"

பூங்கோதை தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எல்லாம் அதுவா போயிடுச்சு டீச்சரம்மா. ஏன்னு தெரியலை. எந்தத் துக்கமும் நடக்கலை. நான்தான் சோம்பேறி, நன்றிகெட்டவள்னு தோணிக்கிட்டே இருக்கு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?"

"ஒவ்வொண்ணா போகப் போக நீங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னீங்க. உங்க சந்தோஷத்தையாவது கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

கொட்டகையில் ஒரு மாடு தலையை ஆட்டியது. மணி ஓசை கேட்டு ஓய்ந்தது.

தர்மாம்பாள் தன் வாழ்நாளில் எத்தனையோ கேள்வி கேட்டவள். அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா, கோதை?"

பூங்கோதை ஆமென்று தலையசைத்தாள். பிறகு அழுதாள். பல வாரங்களில் முதல் முறையாக யாரோ வீட்டுக்குள்ளே வந்திருந்தார்கள்.

தர்மாம்பாள் அவள் கையை விடவே இல்லை. கையோடு அழைத்துக்கொண்டு அம்மையிடம் வந்தாள்.

அம்மை கேட்டுக்கொண்டார். பூங்கோதையின் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டார். "இது நோய்டா. உன் குத்தம் இல்லை. குணமாகும்," என்றார். பிறகு தர்மாம்பாளைப் பார்த்தார். "டவுன் ஆஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காங்க. அடுத்த பஸ்ஸுல நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"நானா?"

அந்த மடத்தில் ஒரு நோன்பு உண்டு. மழைக்காலம் முடியும்வரை எல்லைக்கல்லை யாரும் தாண்டக் கூடாது. தர்மாம்பாளின் நோன்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. உடன்பிறந்த அண்ணன் இறந்த செய்தி வந்தபோதுகூடக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே தலை முழுகியவள். சுற்றுவட்டாரத்தில் அவளுக்குப் பேரே 'கல் தாண்டாத சாமி'.

"நீங்களே திருநீறு பூசி ரெண்டு பதிகம் பாடினா சரியாகாதா, அம்மா?"

"உங்க சர்க்கரைக்கு நான் என்ன பதிகம் பாடினேன்?"

தர்மாம்பாள் தலையைக் குனிந்தாள். "மாத்திரை போடச் சொன்னீங்க."

"பதிகம் பாடலாம். திரும்பி வந்ததும் பாடலாம்."

"என் நோன்பு, அம்மா..."

அம்மை மீதித் தண்டைக் கையில் எடுத்தார்.

"மழைக்காலத்துல ஆத்துல வெள்ளம் வரும், டீச்சர். மடத்துப் பொண்ணு ஒருத்திகூட அடிச்சுக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு நட்ட கல் அது."

பேருந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். தர்மாம்பாள் பூங்கோதைக்குத் தலை பின்னிவிட்டாள். மாற்றுப்புடவை எடுத்துக்கொண்டாள். கல் அருகே வந்தபோது அவள் கால் தயங்கியது. பூங்கோதை நின்று அவளைப் பார்த்தாள். தர்மாம்பாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தன் வழக்கமான நடையில் கல்லைக் கடந்துபோய்ப் பேருந்துக்குக் கை காட்டினாள்.

வண்டி நிறையச் சந்தைக்குப் போகும் கூட்டம். கூடைகளோடு கீரைக்காரப் பெண்களும் இருந்தார்கள். காவியைக் கண்டதும் முன் இருக்கை காலியாயிற்று.

"சாமி, நீங்களா!" கண்டக்டருக்கு நம்ப முடியவில்லை. "நோன்பு நாளாச்சே? எங்கே போகணும்?"

"பெரியாஸ்பத்திரி. ரெண்டு."

"யாருக்கு என்ன, சாமி? சர்க்கரை கிர்க்கரையா?"

வண்டியில் பேச்சு அடங்கியது. எல்லாக் கண்களும் திரும்பின. பூங்கோதை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் ஏதோ புரிந்தவர்போலக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மெதுவா சொல்லுங்க சாமி, பரவாயில்லை."

தர்மாம்பாள் எழுந்து நின்றாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். மறு கையால் பூங்கோதையின் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கி, தோளை அணைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் ஒன்று அவளிடம் இருந்தது. அந்தக் குரலில் சொன்னாள்.

"மனநலப் பிரிவு. என் பொண்ணுக்கு உடம்பு சரியில்லை. நான் கூட்டிட்டுப் போறேன்."