தங்கத்துக்கு முதல் நாற்காலி

பூவாணிக்கோட்டை ராஜா ருத்ரவீர பூபதி மழை பொய்த்தால்கூடக் கலங்கமாட்டார். சபையில் யாராவது இடம் மாறி உட்கார்ந்துவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வராது. பெரியவர்கள் முன்னால், சின்னவர்கள் பின்னால். அதுதான் அவருக்குத் தெரிந்த அரசியல். முதல் நாற்காலியில் திவான் சேஷகிரி உட்காருவார். கடைசியில் ஒரு முக்காலி போட்டு நல்லகுற்றாலம் உட்காருவார். அவருக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. ராஜாவைச் சிரிக்க வைப்பார், ராஜா ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டால் எடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

அந்த ராஜாவுக்குத் திடீரென்று ரசாயனம் படிக்கும் ஆசை வந்தது. பக்கத்து சமஸ்தானத்து ராஜா படிக்கிறாராம், அதனால்தான். பட்டணத்திலிருந்து அருமைநாயகம் என்ற வாத்தியாரை வரவழைத்தார்கள். நிறையப் படித்தவர். ஆனால் யாராவது தும்மினாலே நடுங்குகிற ஆள்.

வாத்தியார் சபைச் சுவரில் கட்டம் கட்டமாக ஒரு பெரிய படத்தை மாட்டினார். உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது, ஒரே வகை அணுவால் ஆனதற்குத் தனிமம் என்று பெயர், தனிமம் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு கட்டம் உண்டு என்று விளக்கினார். ராஜாவுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் சபை மாதிரியே இருந்தது.

முதல் இடத்தில் இருப்பவர் யார் என்று ராஜா கேட்டார். ஹைட்ரஜன் என்றார் வாத்தியார். நிறம் கிடையாது, மணம் கிடையாது, எல்லாவற்றையும்விட லேசான வாயு. ராஜாவின் புருவம் உயர்ந்தது. அப்படியானால் தங்கம் எங்கே? வாத்தியார் குச்சியைக் கீழே, கீழே, இன்னும் கீழே கொண்டுபோய் எழுபத்தொன்பதாம் கட்டத்தில் வைத்தார்.

"இரும்புக்குப் பின்னாலா?" என்றார் ராஜா.

ஆமாம் என்று வாத்தியார் தலையாட்டினார்.

"தகரத்துக்குமா?"

வாத்தியார் அதற்கும் தலையாட்டினார். திவான் மெதுவாக எழுந்தார். அவருடைய மைத்துனன் ஒருவன் வேலையில்லாமல் இருந்தான், அந்த வாத்தியார் வேலையின் மேல் அவனுக்கு ஒரு கண். மகாராஜாவின் கிரீடம் தங்கம், ஆகவே தங்கத்தை அவமதித்தவர் கிரீடத்தையே அவமதித்தவர் என்று திவான் எடுத்துச் சொன்னார். மறுநாள் சபை கூடுவதற்குள் தங்கம் முதல் இடத்துக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியாருக்குச் சிறை என்று ராஜா உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் நல்லகுற்றாலம் விருந்தினர் மாளிகைக்குப் போனார். வாத்தியார் அழுதுகொண்டே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டங்களையும் கத்தரித்து மாற்றி ஒட்டினால் போகிறது என்று நல்லகுற்றாலம் சொல்லிப் பார்த்தார். வாத்தியார் அந்த அழுகையிலும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வோர் அணுவுக்கும் நடுவில் கரு உண்டு, அதற்குள் புரோட்டான் என்று சிறு துகள்கள் உண்டு, அவை எத்தனையோ அதுதான் இடத்தின் எண். ஹைட்ரஜனுக்கு ஒன்று, தங்கத்துக்கு எழுபத்தொன்பது. ஒன்றே ஒன்று இருந்தால் அது தங்கமே இல்லை, ஹைட்ரஜன்தான் என்றார்.

நல்லகுற்றாலம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ராணி உலகம்மாளைப் பார்க்கப் போனார். ராணி திரைக்குப் பின்னால் இருந்து பாடம் முழுவதையும் கேட்டிருந்தாள். ராஜாவைவிட அவளுக்குத்தான் அது நன்றாகப் புரிந்திருந்தது.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. கிரீடத்துக்கு மெருகு போடுகிறார்கள் என்று ராணி சொல்லியிருந்ததால் ராஜா தலைப்பாகையோடு வந்திருந்தார். நல்லகுற்றாலம் பட்டு மூடிய வெள்ளித் தாம்பாளத்தோடு வந்தார்.

"மகாராஜா, உத்தரவை நிறைவேற்றியாயிற்று. படத்தில் எதற்கு என்று நேராகக் கிரீடத்தையே முதல் இடத்துக்கு மாற்றிவிட்டேன்."

ராஜா ஆசையோடு பட்டை விலக்கினார். தாம்பாளம் காலி.

திருடன், பிடியுங்கள் என்றார் திவான். நல்லகுற்றாலம் அசையவில்லை. முதல் இடத்தில் இருப்பது எது என்று வாத்தியாரிடம் கேட்டார். ஹைட்ரஜன் என்றார் அவர். கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. கையில் நிற்குமா? நிற்காது, மேலே போய்விடும்.

சபை முழுவதும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தது. ராஜாவும் பார்த்தார். ஜன்னல்களைச் சாத்துங்கள் என்று திவானே கத்தினார். சேவகர்கள் ஓடி ஓடிச் சாத்தினார்கள். கூடம் இருண்டுபோனது. விளக்கு கொண்டுவரச் சொன்னார் திவான்.

"ஐயோ, நெருப்பு வேண்டாம்," என்று அலறினார் வாத்தியார். "ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகிவிடும்."

"என் கிரீடம் தண்ணீராகிவிடுமா?" என்றார் ராஜா.

கிரீடம் திரும்பி வர ஒரே வழிதான் இருக்கிறது என்றார் நல்லகுற்றாலம். தங்கம் தன் பழைய இடத்துக்கே போகலாம், வாத்தியாரும் தன் வேலையில் இருக்கலாம் என்று மகாராஜா வாய் திறந்து சொல்ல வேண்டும். ராஜா உத்தரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே, தடுமாறாமல், இரண்டு தடவை சொன்னார்.

திரை விலகியது. ராணி தலையில் கிரீடத்தோடு வந்தாள்.

"இப்போதுதான் இறங்கி வந்தது. உங்கள் தலையைத் தேடியது போலிருக்கிறது. இருட்டில் என் தலைதான் அகப்பட்டது," என்றாள்.

ராஜா ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சபையும் சிரித்தது, திவான் மட்டும் ஜன்னலைத் திறக்கப் போனார். வாத்தியாருக்குச் சால்வை போர்த்தினார்கள். இனிமேல் ராணிக்கும் அவரே பாடம் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

ராஜா நல்லகுற்றாலத்தைப் பக்கத்தில் அழைத்தார். இந்த முக்காலி உமக்குத் தகாது, இன்று முதல் திவானின் நாற்காலி உமக்குத்தான் என்றார்.

நல்லகுற்றாலம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம், மகாராஜா. அந்த முதல் நாற்காலிக்கு வரும்வரை திவானும் தங்கமான மனிதராகத்தான் இருந்தார்."