பக்கத்து இருக்கை

டிக், டிக் என்று ஓர் இண்டிகேட்டர் அடித்துக்கொள்ளும் சத்தம். வேதவல்லி அதைப் பல வருடங்களுக்கு முன் போனில் கேட்டாள். இன்றும் பயிற்சி வண்டி திரும்பும்போதெல்லாம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பொட்டல். லைசென்ஸ் முடக்கப்பட்ட ஓட்டுநர்கள் மறுபடி பாடம் கேட்க அங்கே வருவார்கள். வேதவல்லி கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்.

அன்று வந்தவர் நல்லசிவம். தலை நரைத்த லாரி ஓட்டுநர். போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்காக மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்.

"போனைக் கையில பிடிச்சது தப்புங்க டீச்சர். ஒத்துக்கறேன். காதுல மாட்டிட்டு, ரெண்டு கையும் ஸ்டீரிங்ல, கண்ணு ரோட்டுல. அதுவும் தப்புங்களா?"

"யார்கிட்டப் பேசுவீங்க?"

"பாவாயிகிட்டங்க. என் சம்சாரம். முன்னெல்லாம் பக்கத்துல கிளீனர் இருப்பான். இப்ப யாருங்க வர்றா? விடிய விடிய நான் ஒருத்தன்தான். அவ பேசினாத்தான் தூங்காம இருப்பேன்."

"வண்டியை எடுங்க."

அவள் பக்கத்து இருக்கையில் ஏறினாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"உங்க கிளீனர் எப்படி?"

"சரியான வாயாடிங்க. என் சோத்தையும் சேர்த்துத் தின்னுட்டு, உப்பு கம்மின்னு சொல்லுவான்."

வேதவல்லி சிரித்தாள். ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். பொட்டலின் கோடியில் ஒரு வளைவு, அதைத் தாண்டியதும் 'நில்' என்ற பலகை. நல்லசிவம் சரியாக நிறுத்தினார்.

"இன்னொரு சுத்து போங்க. பாவாயியைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க."

"கையெழுத்து ஆச்சுங்களா?" என்றது பாவாயியின் குரல். "அந்தம்மா ரொம்பக் கறாராமே?"

நல்லசிவம் நெளிந்தார். வண்டி நகர்ந்தது. பாவாயி பேசினாள். பொண்ணு இந்த மாசமும் ஊருக்கு வரவில்லையாம். குழம்பு வைத்தால் தின்ன ஆளில்லையாம்.

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவா. என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வதென்று அவர் யோசித்தார். வளைவு வந்தது. போனது.

வேதவல்லி பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி அணைந்தது. பலகை அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தது.

"நான்பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். ஏனுங்க, இருக்கறீங்களா?" என்றாள் பாவாயி போனில்.

நல்லசிவத்தின் கை ஸ்டீரிங்கை விடவில்லை.

"பதில் சொல்லுங்க," என்றாள் வேதவல்லி.

"இருக்கறேன்," என்று சொல்லிப் போனை அணைத்தார். பிறகு, "முதல் சுத்துல நாமளும் பேசிட்டுத்தானுங்க வந்தோம்?" என்றார்.

"வளைவு வந்ததும் நான் வாயை மூடிட்டேன்."

அவர் பின்னால் நின்ற பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க. கிளீனரும் அப்படித்தான். வளைவுல மூச்சு விடமாட்டான்."

"பாவாயிக்கு வளைவு தெரியாது."

காற்றில் பொட்டல் மண் எழும்பி அடங்கியது.

"அப்ப நான் யார்கூடத்தாங்க பேசறது?"

"பாவாயிகூடத்தான். ஓரங்கட்டி நிறுத்திட்டு."

"அதுவரைக்கும் அவ முழிச்சிருக்கணுமேங்க."

வேதவல்லி தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இருப்பா. என் வீட்டுக்காரர் மலை இறக்கத்துல செத்தது என்கிட்டப் பேசிட்டிருக்கும்போதுதான். இண்டிகேட்டர் மட்டும் அடிச்சிட்டே இருந்தது. நானும் இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேட்டுட்டே இருந்தேன். போனை வைக்கலை. விடிஞ்சப்புறம் ஒரு போலீஸ்காரர்தான் அதுல பதில் சொன்னார்."