பாதை மந்திரி கூராயி

செங்காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் வடகரையில் கூராயி என்ற முள்ளம்பன்றியும் தவிட்டி என்ற முயலும் அடுத்தடுத்து வசித்தன. கூராயிக்குச் சொந்தமாக ஒரு வளை உண்டு. தவிட்டிக்குப் புல் புதர்தான் வீடு.

ஏரி கண்ணெதிரே பளபளவென்று கிடந்தும் அதில் வாய் வைக்க அந்த இரண்டுக்கும் வழி கிடையாது. காட்டெருமைகள் இலந்தை முள்ளை இழுத்துப் போட்டு வடகரை முழுவதும் வேலி கட்டியிருந்தன. சின்னப் பிராணிகள் எல்லாம் பாறைகளைச் சுற்றி வெகுதூரம் நடந்து, ஒரு சேற்றுக் குட்டையில்தான் தண்ணீர் குடித்தன. கோடையில் அதுவும் வற்றிவிடும். ஒரு சித்திரையில் தவிட்டிக்குப் பால் வற்றி, மூன்று குட்டிகளில் இரண்டு செத்துப் போயின.

அப்போது செங்காட்டை ஆண்டது மலைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சிங்கம். அது இங்கே தங்குவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறுத்தை ஏரிப்பாறையில் உட்கார்ந்து அதிகாரம் செய்தது. காட்டில் எல்லாம் அதைத் ‘துரை’ என்றுதான் அழைக்கும்.

ஒரு மார்கழியில் சிங்கத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் செங்காட்டுப் பிராணிகள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கலாம். புல், பழம், பாதை மூன்றையும் சபையின் மந்திரிகள் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீரும் வேட்டையும் துரையின் கையிலேயே இருக்கும். துரைக்குச் சரியென்று படாவிட்டால் சபையின் எந்த உத்தரவையும் அது தள்ளிவிடலாம். ஓட்டு, கொம்பு உள்ள பிராணிகளுக்கும் சொந்த வளை உள்ள பிராணிகளுக்கும் மட்டும்.

“அப்படியானால் எனக்கு இல்லை” என்றது தவிட்டி.

“உனக்கு இல்லைதான். எனக்கு உண்டு” என்றது கூராயி. அதைச் சொல்லும்போது கூராயிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தேர்தலில் இரண்டு கட்சிகள் நின்றன. ஒன்று கொம்புக் கட்சி. பழைய காலத்தில் துரை பேருக்கு வைத்திருந்த சின்னச் சபையில் அந்தக் கட்சிதான் உட்கார்ந்திருந்தது. திமிலன் என்ற காட்டெருமை அதற்குத் தலைவர். இன்னொன்று காட்டோர் கட்சி. அதன் தலைவர் கிளையன் என்ற கடமான். கிளையன் பேச்சு மெதுவாக இருக்கும். ஆனால் ஒரு சொல் சொன்னால் அதிலிருந்து நகராது. துரையை எதிர்த்துப் பேசியதற்காக இரண்டு முறை குகையில் அடைபட்டு வந்த கடமான் அது.

வடகரைக்குக் காட்டோர் கட்சி சார்பில் யார் நிற்பது என்று கேட்டபோது ஒரு பிராணியும் முன்வரவில்லை. திமிலனை எதிர்த்து நிற்க எல்லாவற்றுக்கும் பயம். கடைசியில் கூராயி எழுந்தது.

ஐயோ, அந்தத் தேர்தல் நாளை நினைத்தால் செங்காட்டின் பழைய பிராணிகளுக்கு இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும்! ஆலமரத்தடியில் இரண்டு சுரைக்குடுக்கைகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் செக்கச்செவேலென்று முருக்கம்பூ கட்டியிருந்தது. அது கொம்புக் கட்சிக்கு. இன்னொன்றில் மஞ்சள் கொன்றை. அது காட்டோர் கட்சிக்கு. ஓட்டுள்ள பிராணி ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டையை வாயில் கவ்வி வந்து, திரைக்குப் பின்னால் போய், தனக்குப் பிடித்த குடுக்கையில் போட வேண்டும். நடக்க முடியாத கிழட்டு உடும்பை இரண்டு கீரிகள் தாங்கிக்கொண்டு வந்தன. ஓர் எறும்புத்தின்னி கொட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதாக எண்ணி விழுங்கிவிட்டு, இன்னொன்று கொடுங்கள் என்று கெஞ்சியது. தவிட்டிக்கு ஓட்டு இல்லை. இருந்தும் அது காலையிலிருந்து மாலைவரை அங்கேயே நின்று, வருகிற பிராணிகளுக்கெல்லாம் வழி காட்டியது.

மாலையில் குடுக்கைகளைக் கவிழ்த்தார்கள். கொன்றைக் குடுக்கையிலிருந்து கொட்டைகள் மலைபோல் கொட்டின. கொம்புள்ள பிராணிகளில் பாதிகூடக் கொன்றைக்கே போட்டிருந்தன. திமிலன் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

ஆனால் வென்ற கட்சிக்குள்ளேயே ஒரு சச்சரவு. துரை எதை வேண்டுமானாலும் தள்ளலாம் என்றிருக்கும்போது எதற்கு மந்திரி பதவி என்று சில பிராணிகள் கேட்டன. கிடைத்த வரைக்கும் நல்லது செய்யலாமே என்றன மற்றவை. கிளையன் நேரே துரையிடமே போனது.

“எங்கள் இலாகாக்களில் தலையிட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். பதவி ஏற்கிறோம்.”

“அன்றாட வேலையில் தலையிட எனக்கு எண்ணமில்லை” என்றது துரை. அது வாக்கா, வழவழாப் பேச்சா என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் கிளையன் முதல் மந்திரியாகப் பதவி ஏற்றது. கூராயி பாதை மந்திரி ஆயிற்று.

பதவிக்கு வந்ததும் கூராயி முதலில் எழுதிய உத்தரவு, வடகரை வேலியை வெட்டி ஏரிக்கு ஒரு பாதை போட வேண்டும் என்பதுதான். மரப்பட்டையில் எழுதி, சேற்றில் காலை நனைத்துத் தன் தடத்தைப் பதித்து அனுப்பியது. மறுநாளே துரையிடமிருந்து அழைப்பு வந்தது.

“தண்ணீர் என் இலாகா. உனக்குத் தெரியாதா?”

“தெரியும் துரை அவர்களே. நான் தண்ணீரைத் தொடவில்லை. பாதைதான் போடுகிறேன்.”

“பாதை எங்கே போய் முடிகிறது?”

“தண்ணீர் தொடங்குகிற இடத்தில்.”

துரையின் வால் ஒரு முறை பாறையில் அடித்தது. “இந்த உத்தரவை நான் தள்ளினால்?”

கூராயிக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்த்தது. பயத்தில்தான். பக்கத்தில் நின்ற கிளையன் நிதானமாகச் சொன்னது: “தள்ளுங்கள். இன்று மாலையே மந்திரிகள் அத்தனை பேரும் இறங்கிவிடுவோம். சிங்க மகாராசா திறந்துவைத்த சபை ஒரு மாசம்கூட நடக்கவில்லை என்று நீங்கள் மலைக்கு அப்பால் எழுதி அனுப்பலாம்.”

துரை உத்தரவை இன்னொரு முறை படித்தது. பிறகு பட்டையைத் திருப்பிக் கொடுத்தது. “போ. பாதையைப் போட்டுக்கொள்.”

பத்து நாளில் பாதை தயாராயிற்று. கீரிகள் முள்ளை வெட்டின. எறும்புத்தின்னிகள் மண்ணைச் சமப்படுத்தின. திறந்த அன்று காலையில் பிராணிகள் எல்லாம் தயங்கித் தயங்கி நின்றன. அடி விழுமோ என்று ஒவ்வொன்றும் மற்றதன் முகத்தைப் பார்த்தது. தவிட்டிதான் முதலில் நடந்தது. கரையில் குனிந்து ஒரு வாய் குடித்தது. நிமிர்ந்து கூராயியைப் பார்த்தது.

“அக்கா, இது இனிக்கிறது” என்றது. மறுபடியும் குனிந்து குடித்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மழைக்காலங்களைப் போலச் செங்காட்டில் எந்தக் காலமும் இருந்ததில்லை. பின்னால் எத்தனையோ சபைகள் வந்தன. இதைவிடப் பெரிய சபைகள், எல்லாப் பிராணிகளுக்கும் ஓட்டு உள்ள சபைகள். அந்த மந்திரிகளின் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வருஷத்து மந்திரிகள் காலையில் நடந்தே சபைக்குப் போவார்கள். வழியில் யார் வேண்டுமானாலும் நிறுத்திப் பேசலாம். கூராயியின் வளை வாசலில் எந்நேரமும் நாலு பிராணிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு வழியில் கல் கிடக்கிறது என்று குறை. இன்னொன்றுக்குப் பக்கத்து வளைக்காரனோடு சண்டை. கூராயி எல்லாவற்றையும் கேட்கும். தவிட்டிக்கு மறுபடி மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றும் பிழைத்தன. ஏரிப் பாதையில் அவை உருண்டு புரண்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பாதை மந்திரி சபைக்குப் போகும்.

மேல்கரைக்கும் ஒரு பாதை போடக் கூராயி தொடங்கியது. அது பாதி முடிந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

மலைக்கு அப்பால் சிங்கத்துக்கும் மேற்குமலைப் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது. செங்காடும் அந்தப் போரில் சேர்ந்துவிட்டதாகத் துரை பாறைமேல் நின்று அறிவித்தது. சபையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளையனுக்கே அந்த அறிவிப்பைக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரியும்.

அன்று மாலையே துரை கூராயிக்கு ஒரு பட்டையை அனுப்பியது. வடகரைப் பாதை வழியாகச் சிங்கத்தின் செந்நாய்ப் படை போகும். படைக்கு முன்னால் முயல்கள் போக வேண்டும். அவற்றுக்குக் காது கூர்மை. புலி வரும் ஓசையை முதலில் கேட்டுச் சொல்லும். உத்தரவுக்குக் கீழே பாதை மந்திரியின் தடம் வேண்டும். துரையின் தடத்தை நம்பி முயல்கள் வரா. கூராயியின் தடத்தைக் கண்டால் வரும் என்று துரைக்குத் தெரியும்.

கிளையன் மந்திரிகளைக் கூட்டியது. “நம்மைக் கேட்காமல் நம் பேரில் போர் என்கிறார்கள். இனி நாம் இங்கே உட்கார்ந்திருந்தால் அவர்கள் செய்வதற்கெல்லாம் நாமும் உடந்தை. இறங்கிவிடலாம் என்பது என் எண்ணம். நாளைக் காலைக்குள் எல்லோரும் யோசித்துச் சொல்லுங்கள்.”

கூராயி தவிட்டியைத் தேடிப் போனது. தவிட்டி புதர் ஓரத்தில் குட்டிகளுக்குப் புல் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. கூராயி நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னது.

“நீங்கள் இறங்கினால் பாதை என்ன ஆகும்?” என்று கேட்டது தவிட்டி.

“அடைத்துவிடுவார்கள்.”

“என் குட்டிகள் அந்தச் சேற்றுக் குட்டையைப் பார்த்ததுகூட இல்லை அக்கா.”

“தெரியும்.”

“தடத்தைப் பதித்துவிட்டால்?”

“பாதை இருக்கும். அதன் வழியாக உன் குட்டிகள் செந்நாய்களுக்கு முன்னால் ஓடும்.”

தவிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்குத்தான் ஓட்டே கிடையாதே. என்னிடம் வந்து ஏன் கேட்கிறீர்கள்?”

“சிங்கம் உன்னைக் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்காமல் செய்தால் எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?”

குட்டிகள் புல்லை மென்றுகொண்டிருந்தன. தவிட்டி அவற்றைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டது. பிறகு, “இறங்கி வந்துவிடுங்கள் அக்கா. முள்ளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றது.

மறுநாள் காலையில் மந்திரிகள் எல்லாம் வரிசையாகச் சபையை விட்டு இறங்கின. கூராயி துரை அனுப்பிய பட்டையைத் தடம் பதிக்காமலேயே பாறையடியில் வைத்துவிட்டு வந்தது. மேல்கரைப் பாதை பாதியில் நின்றுவிட்டதே என்று மட்டும் அதற்கு மனசு அடித்துக்கொண்டது.

துரை திமிலனைக் கூப்பிட்டு, “நீ மந்திரி சபை அமைக்கிறாயா?” என்று கேட்டது. திமிலனுக்கு ஆசைதான். ஆனால் சபையில் அதன் பக்கம் இருந்தவை நாலே நாலு எருமைகள். முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போனது. அதன் பிறகு துரையே தனியாக ஆண்டது.

முயல்களைப் போருக்கு அனுப்பும் உத்தரவில் துரையே தன் தடத்தைப் பதித்து ஆலமரத்தில் தொங்கவிட்டது. அந்தத் தடத்தைக் கண்டதும் முயல்கள் புதருக்குள் மறைந்தன. ஒன்றுகூட வரவில்லை. துரைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. படை வேறு வழியில் போகட்டும் என்று, செந்நாய்களை ஏவி, ஒரே நாளில் வடகரைப் பாதையை இலந்தை முள்ளால் அடைத்துவிட்டது.

பழைய நாட்களாக இருந்திருந்தால் சின்னப் பிராணிகள் முணுமுணுத்துவிட்டுக் குட்டைக்கு நடந்திருக்கும். ஆனால் அவை இப்போது இரண்டு வருஷம் ஏரியில் குடித்தவை. மறுநாள் விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பிராணிகள் வந்து முள்ளை இழுத்துப் போட்டன. செந்நாய்கள் துரத்தின. தவிட்டியின் ஒரு காது கிழிந்தது. மாலையில் மறுபடியும் முள் போட்டார்கள். காலையில் மறுபடியும் எடுத்தார்கள். ஒரு மாசம் இப்படியே நடந்தது. வருகிற கூட்டம் மட்டும் நாளுக்கு நாள் பெருகியது. பிறகு போர் முற்றி, செந்நாய்கள் எல்லாம் மேற்குமலைக்குப் போய்விட்டன. முள் போட ஆளில்லாமல் துரை அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டது.

கடைசி முள்கட்டை எடுத்த அன்று கூராயியும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று இழுத்துக்கொண்டிருந்தது. பதவி போய் எத்தனையோ நாளாகிவிட்டது. தவிட்டி கிழிந்த காதை ஆட்டிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மந்திரி அம்மாவுக்கு வழி விடுங்கள்.”

கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. கூராயி தலையைக் குனிந்துகொண்டு கரைக்கு நடந்து போய், வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

பதவி பிறர் கொடுப்பது, பிறரால் போவது. அதில் இருந்தபோது செய்த நன்மையும், இருக்கக் கூடாத வேளையில் அதை விட்டு இறங்கிய நேர்மையுமே ஒருவருக்கென்று நிலைத்து நிற்கும்.