ஆயிரம் கலோரிச் சோறு

செங்கல் சூளை முதலாளி தணிகாசலம், கல் சுமக்கிற பெண்கள் கையிலெல்லாம் கலோரி எண்ணுகிற கடிகாரத்தைக் கட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் ஆயிரம் காட்டாவிட்டால் சோறு கிடையாது. அது கை ஆடுவதை வைத்தே எண்ணும்; கடிகாரம் கட்டிய கையாலேயே தலைச்சுமையைப் பிடித்ததால் கன்னிம்மாவுக்கு இருநூறுதான் காட்டியது. இரண்டு நாள் பட்டினியில் கைப்பிள்ளைக்குப் பால் வற்றிப்போனது.

மூன்றாம் நாள் முதலாளி போனில் கன்னிம்மாவின் கடிகாரக் கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆயிரத்து நூறு! பாத்தியாடி, வயித்துல அடிச்சாத்தான் ஒடம்பு வளையுது."

"கடிகாரம் எங்கிட்ட இல்லீங்க மொதலாளி. காலையிலேயே உங்க நாயோட பின்னங்கால்ல கட்டிட்டேன்."

வேப்பமரத்தடியில் நாய் உண்ணிக்கடி தாங்காமல் அந்தக் காலால் சொறிந்துகொண்டே கிடந்தது.

"சோத்த அதுக்கே போடுங்க. கல்லையும் அதையே தூக்கச் சொல்லுங்க."

பெண்கள் அத்தனை பேரும் சுமையை இறக்கிவிட்டார்கள். முதலாளி சோற்றுப் பானையைக் காட்டினார். கன்னிம்மா அள்ளித் தின்றுவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டாள். அது சப்பிச் சப்பி அழுதது. பால் மறுநாள்தான் ஊறியது.