திவான் காட்டிய சுவர்

பேர் மறந்துபோனாலும் வெயில் மறக்காத ஓர் ஊரில் ஒரு திவான் இருந்தார். மலைநாட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த கச்சேரிக் கட்டடம் ஒன்றைப் பார்த்து வந்தவர், அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்று, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆனால் உள்ளே ஒருத்தருக்கும் வேர்க்கக்கூடாது. வேர்த்தால் நீயும் உன் ஆட்களும் ஊரைவிட்டு மூட்டை கட்டவேண்டியதுதான்."

"ஆகட்டும் எஜமான். ஆனா கட்டடத்துக்கு உடையவர் அந்த இடத்தில ஒரு பகல் உட்கார்ந்து எழுந்தாத்தான் நாங்க கோடு போடுவோம். எங்க வழக்கம் அது."

"உட்கார்ந்துட்டாப் போச்சு."

மறுநாள் கீற்றுக்கூரை போட்டு, மேற்கே கண்ணாடிகளை நிறுத்தி, நாற்காலி வைத்தாள். காலையில் திவான் சுகமாக வெற்றிலை போட்டார். உச்சி சாய்ந்து கண்ணாடி வழியே வெயில் இறங்கியதும் தலைப்பாகையைக் கழற்றினார். நாற்காலியைக் கிழக்கே தள்ளச் சொன்னார், பிறகு வடக்கே. கடைசியில் கூரையை விட்டே வெளியேறி, ஆளுயரம் அடுக்கியிருந்த செங்கலின் கிழக்கு நிழலில் போய் உட்கார்ந்தார்.

"இப்போ வேர்க்குதா எஜமான்?"

"இல்லை."

செங்கமலம் அந்தச் செங்கல் அடுக்கை ஒட்டிக் கோடு போட்டாள்.

"என்ன இது?"

"மேற்குச் சுவர். நீங்களே உட்கார்ந்து காட்டிட்டீங்களே."

திவானோடு வந்திருந்த குமாஸ்தாக்கள் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என் கண்ணாடி?"

"வடக்கே வைக்கிறேன். வெளிச்சம் வரும், வெயில் வராது."

திவான் தலைப்பாகையைத் தேடி எடுத்தார். "நாளைக்கு ஆட்களைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு நடந்தார். குமாஸ்தாக்கள் பின்னால் போனார்கள். செங்கமலம் சுண்ணாம்புக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கடைசியாகப் போனாள்.