ஊசியில் தொங்காத ஓலைகள்

பொருநைக்கூடல் அரசர் கேசரிமாறனுக்கு ஒரு சங்கடம். நாட்டிலுள்ள நெல்வகைகளை எல்லாம் வயல் வயலாக விதைத்துப் பார்த்து, எது எங்கே எவ்வளவு விளைகிறது என்று கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார். அரண்மனைப் பண்டிதர் ஆராவமுதர் கணக்கைக் குறையில்லாமல்தான் போட்டார். ஆனால் முடிவுகளைப் பெரிய செய்யுள் நூலாகப் பாடிவைத்துவிட்டார்! ஒரு நெல்லின் விளைச்சல் தெரியவேண்டுமா? அரசரின் தோள் அழகில் தொடங்கி, பட்டத்து யானையின் தந்தம் வரை கேட்டாக வேண்டும்.

"இனி எவர் எதைக் கேட்டாலும் நறுக்கென்று பதில் வரவேண்டும்," என்று அவை விகடன் தாண்டவனிடம் அரசர் சொல்லிவிட்டார். தாண்டவன் பண்டிதரின் சுவடியை வாங்கிக்கொண்டு போனான்.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. மேட்டுநிலத்து உழவர்கள் அவைக்கு ஓடிவந்தார்கள்.

"மகாராசா, எங்க பக்கத்துக்கு இந்த ஒரு மழைதான். ஈரம் காயுறதுக்குள்ள விதைக்கணும். கொஞ்சத் தண்ணியில எந்த நெல்லு தாங்கும்?"

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "கேளுங்கள்! திங்கள் முகத்துத் திருமாறன்..."

"சாமி, ஈரம் காயுது!" என்றார் ஓர் உழவர்.

அப்போது தாண்டவன் ஒரு கட்டு ஓலைத் துண்டுகளோடும் நீண்ட ஊசியோடும் வந்தான். பண்டிதரின் முகம் வெளுத்தது.

"அடப்பாவி! என் நூலை வெட்டிவிட்டாயா?"

"அரசர் நறுக்கென்று கேட்டார், நறுக்கிவிட்டேன்," என்றான் தாண்டவன். பண்டிதர் தள்ளாடியதைப் பார்த்ததும் அவனுக்கே பாவமாகிவிட்டது. "பயப்படாதீர்கள் சுவாமி. உங்கள் சுவடி பத்திரமாக இருக்கிறது. இவை அதைப் பார்த்து எழுதியவை."

ஒரு முடிவுக்கு ஓர் ஓலை நறுக்கு. எல்லாவற்றிலும் ஒரே வரிசை: நெல், மண், தண்ணீர், விளைச்சல், எத்தனை வயலில் பார்த்தது. ஓரத்தில் துளைகள், துளைக்கு ஒரு குணம். அந்தக் குணம் உள்ள நெல்லானால், துளையை விளிம்புவரை கீறித் திறந்துவிட்டிருந்தான்.

'குறைந்த தண்ணீர்' துளையில் ஊசியைக் கோத்துக் கட்டைத் தூக்கி உதறினான். துளை கீறாத ஓலைகள் ஊசியில் தொங்கின. கீறித் திறந்தவை பொலபொலவென்று விழுந்தன.

"ஐயோ, முடிவுகளைத் தரையில் கொட்டுகிறான்!"

"விழுந்ததுதான் சுவாமி விடை. உங்கள் செய்யுள் நிமிர்ந்து நின்று பாடும். என் ஓலை கேட்டவர் காலில் விழும்."

விழுந்தவற்றில் அதிகம் விளைந்தது குழியடிச்சான் நெல். உழவர்கள் விதைக் களஞ்சியத்துக்கு ஓடினார்கள். குதிரை லாயத்துத் தலைவரும் ஆசைப்பட்டு, வைக்கோல் அதிகம் தருவது எது என்று கேட்டார். அதே கட்டு, வேறு துளை. அந்த விடையும் விழுந்தது.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றினார். தாண்டவனின் நெஞ்சு துள்ளியது. ஆனால் ஓரமாக நின்ற பண்டிதர் கண்ணில் பட்டுவிட்டார்.

"அரசே, வெயிலில் வயல் வயலாக அலைந்தவர் பண்டிதர். இதில் ஓர் எண்கூட என்னுடையதல்ல. மாலை அவருக்குத்தான்."

மாலை கழுத்தில் விழுந்ததும் பண்டிதர் உருகிப்போனார். "அரசே! இந்த நன்றியை ஆயிரம் பாட்டாக, இப்போதே..."

"தாண்டவா, உனக்கு என்ன வேண்டும்? சீக்கிரம் கேள்!" என்றார் அரசர் அவசரமாக.

"பண்டிதர் பாடி முடிக்கும்வரை தோட்டத்தில் உலாவ அனுமதி வேண்டும் அரசே."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "தந்தேன்!" என்றவர் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். "இரு, நானும் வருகிறேன்."